சுவாம்பிள்ளையை விசாரிச்சதாச் சொல்லுங்கோ

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் தமிழர் ஒருவருக்குப் பல் வலித்தால் பல் வைத்தியரிடம் போவார். வழக்கு வந்தால் வழக்கறிஞரிடம் போவார். பல் வைத்தியரிடமோ வழக்கறிஞரிடமோ தனியாகப் போகப் பயமாயிருந்தால் சுவாம்பிள்ளையிடம் போவார். சுவாம்பிள்ளையின் உண்மையான தொழில், கூடப் போவது.

சம்பளத் தொழில் வேறு. ஒரு தளபாடக் கம்பனியின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியதும் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மிச்சப் பாதியில் யாராவது ஒருவருடன் எங்காவது ஒரு வாங்கில் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரி, அரச உதவிப்பணம் தரும் சென்ரர்லிங்க், விசா அலுவலகம், பள்ளிக்கூட அதிபரின் அறை வாசல். ஒரு விவாகரத்துக்குக் கணவனோடும் கூடப் போனார், மனைவியோடும் கூடப் போனார். இருவரும் அவருக்கு இன்றைக்கும் தனித்தனியாக நத்தார் கேக் அனுப்புகிறார்கள். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் வெறுந்தேத்தண்ணி, ஒரு பக்கற் பிஸ்கற். அவருடைய ஆங்கிலம் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனால் அலுவலகங்கள் அந்த ஆங்கிலத்துக்குக் கட்டுப்பட்டன. "சேர், திஸ் லேடி நோ ப்ரொப்ளம். ஒன்லி ஸ்மோல் ப்ரொப்ளம்" என்று அவர் தொடங்கினால், கவுன்ரருக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு கதிரையை இழுத்துப் போடுவார்.

எல்லா வாசலுக்கும் கூடப் போனவர், ஒரு வாசலுக்கு மட்டும் நெடுங்காலம் போகவில்லை. அது பொலிஸ் நிலையம்.

சுவாம்பிள்ளை மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவர். அங்கே சோதனைச் சாவடிகளுக்கென்றே ஒரு முகம் செய்து வைத்திருந்தார். சிரிக்கவும் கூடாது, சிரிக்காமலும் இருக்கக்கூடாது. சிரித்தால் நக்கல், சிரிக்காவிட்டால் கோபம். இரண்டுக்கும் நடுவே, வயிற்றுவலிக்காரர் கோயிலில் நிற்பதுபோல ஒரு முகம். சிட்னிக்கு வந்தபோது சூட்கேசில் வைக்க எதையெதையோ மறந்தாலும், அந்த முகத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

வந்த புதிதில் ஒரு நாள், குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று பார்க்கும் பொலிஸார் அவருடைய காரை மறித்தார்கள். ஒரு சின்னக் கருவியை வாயருகே நீட்டி, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார்கள். சுவாம்பிள்ளை சீருடையைப் பார்த்தார். சீருடை கண்ட வாய் தன்பாட்டில் திறந்தது. "எக்காய், தெக்காய், துணாய்" என்று தெளிவான சிங்களத்தில் எண்ணினார். அந்தப் பொலிஸ்காரர் பிறந்ததிலிருந்து சிங்களம் கேட்டதில்லை. கருவியைப் பார்த்தார், அதில் மதுவின் வாசனைகூட இல்லை. குடிக்காத ஒரு மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்ற கவலையோடு, "கவனமாகப் போங்கள்" என்று அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி கத்தரின் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அப்படிப்பட்ட சுவாம்பிள்ளையைப் பொலிஸ் நிலையத்துக்குள் நடக்க வைத்தவள் சீனியர் கொன்ஸ்டபிள் கெல்லி.

தேவாலய மண்டபத்தில் 'பொலிஸோடு ஒரு கோப்பி' என்று ஒரு காலைக் கூட்டம் தொடங்கினார்கள். முதல் மாதம் வந்த பொலிஸாரின் தொகை, வந்த தமிழரின் தொகையைவிடக் கூட. கோப்பியைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. கத்தரின் பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸைப் பார்த்து இரண்டாம் மாதம் வந்தார்கள். கெல்லி ஒவ்வொரு மேசைக்கும் போய் ஒவ்வொரு தமிழ்ச் சொல் கேட்டாள். கேட்டதைப் பேனையால் புறங்கையில் எழுதிக்கொண்டாள். சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொன்னாள். பெயரும் கெல்லி. ஒரு கிழமைக்குள் சனம் அவளைக் 'கிளி' ஆக்கிவிட்டது.

கிளி வந்த பிறகு சுவாம்பிள்ளையின் கூடப் போகும் தொழிலில் ஒரு புதிய வாசல் திறந்தது. வங்கி மோசடியில் மாட்டிய ஒரு கிழவர், பேர்ஸைப் பறிகொடுத்த ஒரு நேர்ஸ், இப்படிச் சிலரைக் கூட்டிப்போனார். எல்லாரும் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தார்கள் என்பதுதான் செய்தி. முறைப்பாடு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் விமலாதேவியின் விஷயம் வந்தது. விமலாதேவி யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை, ஓர் அடுக்குமாடி யூனிற்றில் தனியாக இருந்தார். பக்கத்து யூனிற்காரன் அவருடைய கார் நிறுத்துமிடத்தில் தன் வான் வண்டியை நிறுத்தப் பழகிவிட்டான். கட்டடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அவர் சொன்னார். அன்றிலிருந்து அவன் வாசற்கதவை உதைப்பான். படியில் வழி மறித்து நிற்பான். ஒரு பின்னேரம் அவருடைய துளசிச் சட்டியைத் தூக்கிக் கதவிலேயே அடித்து உடைத்தான். விமலாதேவி இப்போது வீட்டிலிருந்தும் லைற் போடுவதில்லை. ஆள் இல்லையென்று அவன் நினைக்கட்டும் என்று இருட்டில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்.

"தங்கச்சி, கிளியிட்டைப் போவம்" என்றார் சுவாம்பிள்ளை.

"வேண்டாம் அண்ணை."

"அவள் நல்ல பெட்டை."

"பெட்டை நல்லவளாய் இருக்கலாம். உடுப்பு பொலிஸ் உடுப்புத்தானே."

ஊரில் விமலாதேவியின் மூத்த அண்ணனை ஒரு காலையில் பொலிஸார், "ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிடுவம்" என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை.

சுவாம்பிள்ளை விடவில்லை. மாதக்கணக்காக, மழை துளைப்பதுபோல மெதுவாகப் பேசினார். "நான் கூட வாறன். கதவைத் திறந்து வைக்கச் சொல்லுறன். தேத்தண்ணி கொண்டாறன்." கடைசியில் ஒரு நாள் விமலாதேவி, "சரி, வியாழக்கிழமை வாறன்" என்றார். சுவாம்பிள்ளை அன்றிரவு கத்தரினிடம், ஏதோ தேர்தலில் வென்றவர்போல அறிவித்தார்.

அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோப்பிக் கூட்டத்துக்குச் சுவாம்பிள்ளை போகவில்லை, முழங்காலுக்கு ஊசி. அவரைக் காணவில்லையே என்று கெல்லி கத்தரினிடம் கேட்டாள். "நான் அவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்றும் கேட்டாள்.

கத்தரின் நல்ல மனதோடு சொல்லிக்கொடுத்தார். "சுவாம்பிள்ளையை விசாரிச்சதாச் சொல்லுங்கோ."

அது அழகான சொல். நாலு வீடு தள்ளி இருப்பவரை நினைத்தோம், நலமா என்று கேட்டோம், அந்த நினைப்பை அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஒரு சேலை உடுத்த அம்மா சொல்லும்போது அப்படித்தான் இருக்கும். இடுப்பில் துப்பாக்கியும் நெஞ்சில் கமராவும் உள்ளவர் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று கத்தரின் யோசிக்கவில்லை. கெல்லி அதைப் புறங்கையில் எழுதிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கெல்லியும் இன்னொரு பொலிஸ்காரரும் தமிழ் மளிகைக் கடைக்குள் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனார்கள். அங்கே மகேந்திரராஜா நின்றார். ஓய்வுபெற்ற எஞ்சினியர். எந்தச் செய்தியையும் தன்னோடு வைத்துக்கொள்ளும் சுயநலம் அவரிடம் கிடையாது. கெல்லிக்கு அவர் முகம் கோப்பிக் கூட்டத்தில் பார்த்த முகம். சுவாம்பிள்ளையின் நண்பர் என்று நினைவு. புறங்கையைப் பார்த்தாள். பாதி எழுத்து கைகழுவியதில் போயிருந்தது. மிஞ்சியதை உரத்து, தெளிவாக வாசித்தாள்.

"சுவாம்பிள்ளை. விசாரிச்சது. சொல்லுங்கோ!"

மகேந்திரராஜா கையிலிருந்த குரக்கன் மா பக்கற்றைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, கடை வாசலைப் பார்த்தார்.

"எனக்கு உந்த ஆளைப் பெரிசாத் தெரியாது" என்றார் தமிழில். பிறகு, பதற்றத்தில், ஆங்கிலத்திலும் சொன்னார். கெல்லி மகிழ்ச்சியோடு தலையசைத்து, "நன்றி" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலோடு போய்விட்டாள்.

காரில் ஏறுவதற்கு முன்பே மகேந்திரராஜா முதல் அழைப்பை எடுத்துவிட்டார். "ஐசே, சுவாம்பிள்ளையைப் பொலிஸ் விசாரிக்குது. ரெண்டு பேர் வந்தவை. என்னையும் கேட்டவை. சொல்லு சொல்லு எண்டு ஒரே நெருக்கு. நான் ஒண்டும் சொல்லேல்லை." செய்தி அயலூரான லிட்கம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் நாலு பேராகியிருந்தார்கள். மெல்பேர்னின் வெரிபீயில் இருக்கும் யாருடையதோ ஒரு மருமகன் கூப்பிட்டு, வீட்டைச் சோதனை போட்டார்களாமே என்று கேட்டார். சோதனை போடப்பட்ட வீட்டில் சுவாம்பிள்ளை முழங்காலில் ஐஸ் பை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவருடைய போன் அடிக்கவில்லை. கூடப் போகிறவரின் போன் ஒரு நாள் முழுக்க அடிக்காமலிருப்பது பேக்கரியில் பாண் மணக்காமலிருப்பதுபோல. வியாழக்கிழமை காலை அவர் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது விமலாதேவியின் செய்தி வந்தது. 'அண்ணை, இப்ப வேண்டாம். என்ரை அலுவலை நானே பாக்கிறன். குறை நினைக்காதேங்கோ.'

கத்தரின் அன்று மாலைதான் விஷயத்தை அறிந்து வந்தார், தேவாலயத்தில் பாடல் பயிற்சிக்குப் போன இடத்தில்.

"இஞ்சருங்கோ, உங்களைப் பொலிஸ் விசாரிக்குதாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"எதுக்காம்?"

"அதைத்தான் என்னட்டைக் கேக்கினம். நான் உங்களிட்டைக் கேக்கிறன். என்ன செய்தனீங்கள்?"

சுவாம்பிள்ளை தான் என்ன செய்தார் என்று உண்மையாகவே யோசித்தார். அந்த ஊர்களில் வளர்ந்தவர்களின் பழக்கம் அது. பொலிஸ் தேடுகிறது என்று கேட்டால் முதலில் நான் செய்யவில்லை என்று சொல்லத் தோன்றாது. என்னத்தைச் செய்திருப்பேன் என்று தேடத் தோன்றும். கிடங்கிலிருந்து ஒருமுறை அட்டைப் பெட்டி எடுத்து வந்தது நினைவுக்கு வந்தது.

மகள் ஜெசிக்கா போனிலிருந்து தலை தூக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள், "அப்பா, நேரே போய்க் கேளுங்களேன். இது என்ன பெரிய விஷயம்?" இந்த நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொலிஸ் நிலையம் ஒரு கட்டடம்.

அடுத்த நாள் சுவாம்பிள்ளை போனார். ஊருக்கெல்லாம் கூடப் போனவருக்குக் கூடப் போக அன்று ஆளில்லை. கத்தரின் வருகிறேன் என்றார். இவர்தான், "ரெண்டு பேரும் உள்ளுக்கை போனால் வெளியிலை நிண்டு ஆளைத் தேட ஒருத்தரும் இல்லை" என்று தடுத்துவிட்டார்.

பொலிஸ் நிலையச் சுவரில் பல மொழிகளில் ஒரு பெரிய சுவரொட்டி. தமிழும் இருந்தது. கம்ப்யூட்டரில் எங்கோ எழுத்துகளுக்குள் கலகம் நடந்து, கொம்பெல்லாம் ஒரு பக்கம், மெய்யெல்லாம் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தது. சுவாம்பிள்ளை பொறுமையாகப் பொறுக்கிச் சேர்த்தார். 'வெளிப்படைத்தன்மை எங்கள் வாக்குறுதி' என்று வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று கவுன்ரருக்குப் போனார். கெல்லி அன்று வேறு வேலையில். ஓர் இளம் பொலிஸ்காரர் இருந்தார்.

"சேர், யூ ஆர் விசாரிக்கிங் மீ?" என்று தொடங்கி, ஒருவாறு கேள்வியை நிறுவினார். என்னைப் பற்றி ஏதாவது விசாரணை நடக்கிறதா?

இளைஞர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். எந்த ஒரு தனிநபர் மீதும் விசாரணை நடக்கிறதென்றோ நடக்கவில்லையென்றோ எங்களால் சொல்ல முடியாது.

"ஐ ஆம் த தனிநபர்."

அப்படியிருந்தாலும் சொல்ல முடியாது.

"நடக்கேல்லை எண்டாவது ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்!" ஆங்கிலம் கைவிட்டது. இளைஞருக்கு விளங்கவில்லை, சுவரொட்டியைக் காட்டினார். அதில் அழைக்க வேண்டிய எண் இருந்தது.

சுவாம்பிள்ளை வாங்கில் உட்கார்ந்து தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்தார். தன்னைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தால் மறுக்கலாம். நிரபராதி என்று சொல்லியிருந்தால் ஊருக்குச் சொல்லலாம். இரண்டும் இல்லாத மனிதராக எப்படி மெரிலேண்ட்ஸில் நடமாடுவது? விமலாதேவி இந்த நேரம் வேலை முடிந்து இருட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார் என்ற நினைப்பு அவரை வாங்கிலிருந்து எழுப்பியது. மீண்டும் கவுன்ரருக்குப் போய், கெல்லி வரும்வரை இங்கேதான் இருப்பேன் என்றார்.

கெல்லி வந்தாள். கேட்டாள். மளிகைக் கடையில் தான் வாசித்தது நினைவுக்கு வர, முதலில் சிரித்தாள். மகேந்திரராஜா குரக்கன் மா பக்கற்றைத் திருப்பி வைத்ததை நினைத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள், குற்றம் அங்கேதான் நடந்தது என்பதுபோல. "நான் பகிரங்கமாகச் சொல்லித் திருத்துகிறேன். எல்லார் முன்னாலும்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். அடுத்த கூட்டம் மண்டபம் கொள்ளாத கூட்டம். சுவாம்பிள்ளையைப் பிடிக்கப் போகிறார்கள் என்று நம்பி வந்தவர்களே அதிகம். ஒளிக்க எதுவுமில்லை என்று காட்ட, கெல்லி முதலில் திரையில் படம் போட்டு, தங்கள் நிலையத்துப் பொலிஸார்மேல் பொதுமக்கள் செய்த முறைப்பாடுகளைக் காட்டினாள். இவ்வளவு வந்தது, இவ்வளவு உண்மை என்று கண்டோம், இவரை இப்படித் தண்டித்தோம். சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. முன்வரிசையில் மகேந்திரராஜா பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, "காட்டுறதே இவ்வளவெண்டால் காட்டாதது எவ்வளவு ஐசே!" என்றார்.

பிறகு கெல்லி சுவாம்பிள்ளையை மேடைக்கு அழைத்துத் தன் பக்கத்தில் இருத்தினாள். விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினாள். அதோடு விட்டிருக்கலாம். முக்கியமான வசனத்தைத் தமிழிலும் சொன்னாள்.

"நான் சுவாம்பிள்ளையை விசாரிக்க இல்லை. நான் சுவாம்பிள்ளையை விசாரிச்சது."

மண்டபம் இதைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தது. கத்தரின் எழுந்து நின்று, "சுகம் விசாரிச்சதைச் சொல்லுறா! நான்தான் சொல்லிக் குடுத்தனான்! பிழை என்ரை!" என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். கைதட்டினார்கள். முடிந்தது என்று சுவாம்பிள்ளை நினைத்தார். பிந்தி வந்தவர்கள் கதவருகே தலை நீட்டியபோதெல்லாம், வாருங்கள் என்று மேடையிலிருந்தே தலையசைத்து வரவேற்றார். கெல்லி, அவர் யார், இவர் யார் என்று மெல்லக் கேட்க, காதுக்குள் பெயர் சொன்னார்.

அந்தத் தலையசைப்பில்தான் கதை மறுபடி கவிழ்ந்தது.

"பாத்தியளே?" என்றார் மகேந்திரராஜா, கார் நிறுத்துமிடத்தில் ஒரு வட்டத்தின் நடுவே நின்று. "பொலிஸே வந்து இந்தாள் நல்லவர் எண்டு மேடையிலை ஏத்திச் சொல்லுதெண்டால் என்ன அர்த்தம்? அவர் அவையின்ரை ஆள். பக்கத்திலை இருந்து, உள்ளுக்கை வாற ஒவ்வொருத்தனுக்கும் தலை ஆட்டினவர். காதுக்கை பேர் சொன்னவர். நாங்கள் இதைக் காணாத சனமே?"

வட்டத்தில் ஒருவர் தாழ்ந்த குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார். "தலையாட்டி."

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும்போது முகத்தை மூடிய ஒருவரை ஜீப்பில் இருத்தி வைப்பார்கள். சனம் வரிசையாக அவர் முன்னால் போக வேண்டும். அவர் தலை ஆட்டினால் அந்த ஆளை வரிசையிலிருந்து கொண்டுபோய்விடுவார்கள். அந்தச் சொல்லுக்கு வேறு விளக்கம் அந்த வட்டத்தில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

பொலிஸ் தேடும் ஆள் என்று இருந்தபோது சனம் சுவாம்பிள்ளைக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டாவது இருந்தது. இப்போது தெருவில் கண்டால் காலநிலை பற்றி மட்டும் பேசியது. விமலாதேவி அவருடைய அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கத்தரின்தான் ஒரு நாள் முதியோர் இல்லத்து வாசலில் விமலாதேவியைக் கண்டு வந்து சொன்னார்: "அந்தப் பிள்ளை மெலிஞ்சு போச்சு. அவன் இப்ப கதவுக்கு முன்னாலை கதிரை போட்டு இருக்கிறானாம். வீட்டுக்குப் போகாமல் வேலை இடத்திலையே நேரம் கடத்துதாம்."

சுவாம்பிள்ளை அன்று சோறு வேண்டாமென்றார். "நான் தலை ஆட்டினது வாங்கோ எண்டு கூப்பிடத்தானே" என்று மட்டும் சொன்னார், யாரிடமென்றில்லாமல்.

ஆவணி மாதம், மன்னார் மடுக் கோயிலின் மாதாவுக்கு எடுக்கும் மடுமாதா பெருநாள் வந்தது. மன்னார்க்காரர் நடத்துவது, ஆனால் மடுமாதாவுக்கு முன்னால் கத்தோலிக்கர், சைவர் என்ற கணக்கு ஊரிலேயே கிடையாது, சிட்னியில் எங்கே வரும்? மகேந்திரராஜா திருநீற்றோடு வந்து நின்றார். விமலாதேவியும் வந்திருந்தார். மாதாவின் சுரூபம் தெருவில் ஊர்வலமாக வர வேண்டும். போக்குவரத்தைப் பார்க்கக் கெல்லி தெருமுனையில் நின்றாள்.

ஊர்வலம் புறப்படும் நேரம். மாதாவுக்கான பூமாலையைக் காணவில்லை. பூமாலை சுவாம்பிள்ளையின் காரில் இருந்தது. சுவாம்பிள்ளை தெருவில் இருந்தார். தேவாலயப் படியில் நின்ற கத்தரின், கண்ணெதிரே தெருவில் வந்துகொண்டிருந்த கணவரின் காரைப் பார்த்தபடியே போன் எடுத்தார்.

"எங்கை நிக்கிறியள்?"

"உமக்கு முன்னாலைதான் வாறன்!" என்றார் சுவாம்பிள்ளை, ஒரு கை ஸ்ரேரிங்கில், மறு கையில் போன்.

கெல்லி கை காட்டினாள். கார் ஓரமாக நின்றது. சுவாம்பிள்ளை கண்ணாடியை இறக்கி, மேடையில் பக்கத்தில் இருந்த உரிமையோடு சிரித்தார். "ஹலோ கெல்லி! பூ, பூ! மாதா வெயிற்றிங்!"

"தெரியும் மிஸ்டர் சுவாம்பிள்ளை. கையில் என்ன?"

சுவாம்பிள்ளை கையைப் பார்த்தார். போனுக்குள் கத்தரின் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"மகள், இன்றைக்குப் பெருநாள்" என்று தொடங்கினார். வயசைச் சொன்னார். முழங்காலைச் சொன்னார். பற்றிஸை நினைவுபடுத்தினார். ஊர்வலத்துக்கு நின்ற சனம் முழுவதும் அவர் கெஞ்சுவதைத் திரும்பிப் பார்த்தது. மாதாவின் சுரூபத்தைத் தோளில் வைத்திருந்தவர்கள்கூடக் கொஞ்சம் திரும்பியதில், மாதாவும் திரும்பிப் பார்த்தார்.

கெல்லி நெஞ்சிலிருந்த கமராவைத் தொட்டுக் காட்டினாள். "இது ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் செய்ததும் இதில் இருக்கும், நான் செய்வதும் இதில் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே படம்தான். லைசன்ஸைத் தாருங்கள்."

தண்டம் எழுதினாள். எல்லாம் போனால் லைசன்ஸே போய்விடும் என்ற லைசன்ஸ் புள்ளியிலும் கொஞ்சம் போயிற்று. பிறகு தானே வீதியை மறித்து, பூமாலையை முதலில் போக விட்டாள்.

சுவாம்பிள்ளை காரைவிட்டு இறங்கியபோது முகம் பழைய சோதனைச் சாவடி முகமாகியிருந்தது. மாலையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். முதலில் எதிரே வந்தவர் மகேந்திரராஜா.

"ஐசே, எத்தினை புள்ளி போச்சு?"

சுவாம்பிள்ளை சொன்னார்.

"அநியாயம்! எனக்கும் போன வருஷம் இதே றோட்டிலைதான். சிவப்பு லைற். நான் மஞ்சளிலைதான் போனனான், சத்தியமாய்!" மகேந்திரராஜா அவருடைய தோளில் கை போட்டார். இன்னொருவர் வந்தார்; பாடசாலை வலயத்தில் வேகம். இன்னொருவர், பேருந்துப் பாதை. ஊர்வலம் முடியும்வரை ஆண்கள் அணியில் செபமாலையை விடத் தண்டப்பணமே அதிகம் சொல்லப்பட்டது. பொலிஸின் ஆளுக்குப் பொலிஸ் தண்டம் எழுதாது என்பது அந்த மனிதர்களின் நீண்டகால அனுபவம். தண்டம் எழுதப்பட்டவர், எனவே, எங்கள் ஆள். கெல்லி இதை எண்ணித்தான் எழுதினாளா, எண்ணாமல் எழுதினாளா என்று கேட்டால், போனைக் கையில் பிடித்திருந்தார், எழுதினேன் என்றுதான் சொல்வாள். அதற்குமேல் கிளி வாய் திறக்காது.

கஞ்சி கொடுக்கும் இடத்தில் விமலாதேவி கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை, அந்தப் பிள்ளை உங்களுக்கே எழுதினதோ?"

"ஓம்."

"நீங்கள் கெஞ்சினதை நான் பாத்தனான்."

"நல்லாக் கெஞ்சினனான் தங்கச்சி" என்றார் சுவாம்பிள்ளை வெட்கத்தோடு.

"அப்பிடியிருந்தும் விடேல்லை?"

"விடேல்லை."

விமலாதேவி கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப என்னை அவளிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தெரிஞ்ச ஆள் கெஞ்சியும் விடாதவள், அவன் கெஞ்சினாலும் விடமாட்டாள்."

மறுநாள் பின்னேரம் போனார்கள். அறைக்குள் போகுமுன் விமலாதேவி வாசலில் நின்று, கதவு பூட்டக்கூடாது என்றார். சுவாம்பிள்ளை மொழிபெயர்க்க வாயெடுத்தார். கெல்லி அதற்குள் ஒரு கதிரையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தக் கதிரை கதவை அகலத் திறந்தபடியே வைத்திருந்தது. தாழ்வாரத்தில் போகிற பொலிஸார் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. ஒருவரும் அதை நகர்த்தவில்லை. தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்ததால், சுவாம்பிள்ளையை வெளியே வாங்கில் இருக்கச் சொன்னார்கள்.

வாங்கிலிருந்து அவருக்கு விமலாதேவியின் குரல் கேட்டது. முதலில் ஒவ்வொரு சொல்லாக. பிறகு தொடர்ச்சியாக. ஓரிடத்தில் தொலைபேசியில் இருந்தவரையே திருத்தி, "இல்லைத் தம்பி, பூச்சட்டி இல்லை, துளசிச் சட்டி. வடிவாச் சொல்லுங்கோ" என்றார். சுவாம்பிள்ளை பிளாஸ்கைத் திறந்தார். ஊற்ற மறந்து, மூடியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் போயிற்றென்று தெரியாது. யாரோ தோளைத் தட்டினார்கள்.

"என்ன அண்ணை, நித்திரையோ? நல்ல துணைதான் நீங்கள்." விமலாதேவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது, குரல் தழுதழுக்கவில்லை. "அவனிட்டைப் போய்க் கதைக்க இப்பவே ரெண்டு பொலிஸ்காரர் வருகினமாம், எங்களுக்குப் பின்னாலை. எழும்புங்கோ. வீட்டை போவம்."